வெக்கையா, புழுக்கமா?



கத்திரி வெயில் தொடங்கும் மே மாத முதல் வாரத்தில், பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வருவோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வந்தவர், திருமண ஓலை கொடுக்க வந்தவர், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டி வந்தவர், யாராயினும் எழுந்து போகுமுன் சற்றுத் தயங்கி நின்று, “சாமி, வீட்டுக்கு ஒரு கூலர் வாங்கலாமா? இல்லை, சக்கரம் வைத்த சின்ன ஏ.சி. வாங்கிவிடலாமா?” என்கின்றனர். குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். குளிரூட்டும் பெட்டியைப் பற்றி ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் ஒரு தாயின் பொருட்டு அதனை நாம் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்த வரலாற்றை முதலில் கூறுவோம்.

கடலூர் முதுநகரில் ஒரு குடும்பம். மகன் மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டிப் பெட்டி ஏற்றுபவர். தாய்க்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. முன்கட்டு ஓட்டு வீடு. தாய் படுப்பது பின்கட்டில், கல்நார்த் தகடு வேய்ந்த சிற்றறையில். பகலெல்லாம் தகடு காய்ந்து, இரவு முழுதும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். அதைப் பொறுக்கமாட்டாத மகன், மாதத் தவணையில் ஒரு பெரிய ஏர் கூலரை வாங்கி வந்து தாயின் கால்மாட்டில் வைத்தார். குளிர் வெளியே போய்விடக்கூடாது என்று கதவையும் சன்னலையும் இறுகச் சாத்தினார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து வாழ்த்திச் சென்றார்கள்.

நோயாளிகளைச் சந்திக்கும் முதல் வெள்ளியன்று நாம் அங்குச் சென்றபோது தாய் மிகவும் சோர்ந்திருந்தார். பாய் ஈரமாயிருந்தது, தலையணையில் பூஞ்சை வாடை வீசியது. மகன் தண்ணீர் மொள்ளப் போனதும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “சாமி, அதைப் போட்டால் முதலில் ஜில்லென்று இருக்கிறது. அரைமணி போனால் மூச்சு முட்டுகிறது. வேர்வை ஊற்றுகிறது. பிள்ளை தூங்கின பிறகு நானே எழுந்து நிறுத்திவிடுகிறேன். கடன் பட்டு ஆசையாக வாங்கினான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?”

மகனுடைய அன்பில் குறையில்லை. தாயின் பொறுமையிலும் குறையில்லை. பெட்டியும் பழுதான பெட்டியன்று. பின் எங்கே தவறு? அதை ஆராய்ந்தால், கூலரா ஏ.சி.யா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

நம் மொழி அறிந்த வேறுபாடு

நம் பாட்டிமார் வெப்பத்தை ஒரே சொல்லால் குறிக்கவில்லை. உலர்ந்த அனல் வீசினால் ‘வெக்கை’ என்றார்கள். காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை காயாமல் நின்றால் ‘புழுக்கம்’ என்றார்கள். இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்கு ஆகாது. கடைக்காரர் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. வாங்குகிற நாமும் கேட்பதில்லை.

மண்பானையை எண்ணிப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளே உள்ள நீர் குளிர்கிறது. மேல்காற்று அனலாக அடிக்கும் நாளில் பானைத் தண்ணீர் பல் கூசும்படி இருக்கும். மழை மூட்டமிட்டுப் புழுங்கும் நாளிலோ அதே பானையில் அதே தண்ணீர் வெறுமனே கிடக்கும். பானை மாறவில்லை, காற்று மாறிவிட்டது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை ஏற்க மறுக்கிறது.

ஏர் கூலர் என்பது விசிறி பொருத்திய மண்பானையே. தேன்கூடு போன்ற அட்டையை அல்லது மரச்சீவலை நீரால் நனைத்து, அதனூடே காற்றை இழுத்து வீசுகிறது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்து வாசலில் தொங்கவிட்ட நம் முன்னோரும் இதே வேலையைத்தான் செய்தார்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது அது காற்றிலிருந்து எடுக்கும் வெப்பம் சிறிதன்று. மணிக்கு ஐந்து லிட்டர் நீர் ஆவியானால், ஒரு டன் ஏ.சி. நீக்குகின்ற அளவு வெப்பம் நீங்கிவிடும். ஆனால் அந்த ஐந்து லிட்டரும் எங்கே போகிறது? அறையின் காற்றில்தான் கலக்கிறது. சன்னலைச் சாத்திவிட்டால் அது வெளியேற வழியில்லை. முதுநகர்த் தாயின் பாய் நனைந்தது இதனால்தான். வெக்கைக்கான மருந்தை மகன் புழுக்கத்துக்குக் கொடுத்தார். போதாக்குறைக்கு அறையையும் அடைத்துவிட்டார்.

கணக்காகச் சொல்வோம். வெளியே 40 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், நல்ல கூலர் காற்றை 26 டிகிரி அளவுக்குக் கொண்டு வரும். கரையோர இரவில் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அதே கூலர் இரண்டரை டிகிரிதான் குறைக்கும். அந்தச் சிறு குறைவுக்கு ஈடாக, வியர்வை உலரும் வழியையும் அடைத்துவிடும்.

நம் மாவட்டத்தின் காற்று

கடலூர் மாவட்டம் முழுவதற்கும் ஒரே காற்று இல்லை. மே, ஜூன் மாதங்களில் தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்று பாருங்கள். முற்பகலில் மேற்கிலிருந்து தரைக்காற்று அனலாக வரும். அது உலர்ந்த காற்று. நண்பகலை ஒட்டியோ பிற்பகலிலோ கடற்காற்று எழும். வெப்பம் சில டிகிரி இறங்கும்; ஈரம் ஏறும். கடற்காற்று எழத் தாமதமாகும் நாளில்தான் வெயில் உச்சத்துக்குப் போகிறது. ஆகவே கடலூர் நகரில் கூலர் பயன்படும் வேளை, கடற்காற்றுக்கு முந்திய சில மணி நேரமே. கடற்காற்று எழுந்த பின் கிழக்குச் சன்னலைத் திறப்பதே சிறந்த குளிரூட்டி. அதற்குத் தவணையும் இல்லை.

மேற்கே நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் செல்லச் செல்லக் கடற்காற்று தாமதமாகவும் வலுவிழந்தும் வந்து சேரும். அங்கே வெக்கை மிகுதி. கூலருக்கு அங்கே வேலை உண்டு. சிதம்பரமோ இரண்டுக்கும் இடைப்பட்டது. கிழக்கே சில கல் தொலைவில் பிச்சாவரத்து உப்பங்கழி, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், சுற்றிலும் வயல்வெளி. கோடையில் வயல் காய்ந்து கிடக்கும் பகலில் கூலர் ஓரளவு உதவும். இரவில் புழுக்கம் வந்துவிடும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இந்த வேறுபாட்டை ஏற்றுள்ளது. சமவெளியில் வெப்ப அலை என்று கருதத் தொடங்குவதற்கு 40 டிகிரி வேண்டும்; கடலோரத்துக்கு 37 டிகிரியே போதும். கடலோரத்தில் குறைந்த வெப்பமும் உடலுக்குப் பெருஞ்சுமை என்பது இதனால் விளங்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கடைக்குப் போகுமுன் நீங்களே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. அறை வெப்பத்தை அளக்கும் சாதாரண வெப்பமானிகள் இரண்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு ஆகாது. ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதன் குமிழைச் சுற்றி நனைத்த மெல்லிய பருத்தித் துணியைக் கட்டுங்கள். இரண்டின் மீதும் ஐந்து நிமிடம் விசிறிக் காற்றுப் படட்டும். பிறகு இரண்டின் அளவையும் குறியுங்கள். வானிலை நிலையங்களில் ஈரப்பதத்தை அளக்க நெடுங்காலம் கையாண்ட முறை இதுவே.

வேறுபாடு 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் கூலர் உங்களுக்கு ஏற்றது. 5 டிகிரி அல்லது அதற்குக் குறைவாயின் கூலர் வாங்குவது வீண். இடைப்பட்டிருந்தால், சன்னலைத் திறந்து வைக்கக்கூடிய அறைக்கு மட்டும் வாங்கலாம். இச்சோதனையை நண்பகலில் ஒருமுறையும், இரவு பத்து மணிக்கு ஒருமுறையும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் குளிர்ச்சி வேண்டியது பகலுக்கா இரவுக்கா என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடலாம்.

இந்தச் சோதனையை நாம் முன்பே அறிந்திருந்தால் ஒரு நட்டத்தைத் தவிர்த்திருப்போம். பங்கு இல்லத்துக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று, “ஏ.சி. மாதிரியே இருக்கும், ஃபாதர்” என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி, நாமும் ஒரு கூலர் வாங்கினோம். விருந்தினர் முதல் நாள் இரவே மொட்டை மாடிக்குப் படுக்கையைத் தூக்கிச் சென்றார். அந்தக் கூலர் இப்போது மறைக்கல்வி வகுப்புக்கு முற்பகலில் காற்று வீசுகிறது. உரிய இடத்தில் அதுவும் பயன்படுகிறது.

கூலர் வாங்குவோருக்கு

முதலாவது, கூலரைத் திறந்த சன்னலருகே வைத்து, வெளிக்காற்றை இழுக்கச் செய்ய வேண்டும். எதிர்ப்புறத்தில் காற்று வெளியேற வழி வேண்டும். அறையின் கன அளவைப் போல் முப்பது மடங்கு காற்றை மணிதோறும் செலுத்தும் கூலரே போதுமானது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறை ஏறத்தாழ 28 கன மீட்டர். அதற்கு மணிக்கு 850 கன மீட்டர் அளவு வேண்டும்.

இரண்டாவது, பனிக்கட்டித் தட்டைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது எடுக்கும் வெப்பம், ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுக்கும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கே. மேசை மேல் வைக்கும் கையடக்கப் பெட்டிகளும் இப்போது விளம்பரமாகின்றன. அரை லிட்டர் நீரை எட்டு மணி நேரத்தில் ஆவியாக்கும் பெட்டி 42 வாட் அளவு வெப்பத்தையே நீக்கும். சும்மா படுத்திருக்கும் மனிதரின் உடல் வெளியிடும் வெப்பம் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தன்னை வாங்கியவரின் வெப்பத்தையே தாங்காத பெட்டி, அறையை எப்படிக் குளிர்விக்கும்?

மூன்றாவது, தண்ணீர். கரையோரக் கிணற்று நீரில் உப்பு மிகுதியானால், நீர் ஆவியானதும் உப்பு அட்டையில் படிந்து காற்றுவழியை அடைக்கும். நன்னீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியை முழுதும் வடித்து, பக்கங்களைத் தேய்த்துக் கழுவி, உலர்த்துங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டுப் பத்து நாள் போதும். முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு நீரின்றியும் பல மாதம் பிழைத்திருக்கும். வெறுமனே நீரை மாற்றினால் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது இதனால்தான்.

நான்காவது, மின்சாரம். நீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் குடியிருக்கின்றன. மூன்று முள் செருகியும் முறையான எர்த் இணைப்பும் இல்லாத வீட்டில் கூலரை, அதிலும் இரும்பு உடல் கொண்ட கூலரை, வைக்கவே கூடாது. நீர் ஊற்றும்போது சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியை மின்பணியாளரைக் கொண்டு வீட்டுக்கே பொருத்திவிடுங்கள். கூலரைவிட அது முக்கியம்.

சக்கர ஏ.சி.யின் இயல்பு

இனி மற்றதைப் பார்ப்போம். ஏ.சி. இயந்திரம் பிறந்த கதையே நமக்குப் பாடமாகும். 1902-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போயின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியாளர் வகுத்த ஏற்பாடே இன்றைய ஏ.சி.யின் தொடக்கம். அதாவது, புழுக்கத்தை நீக்கவே அது பிறந்தது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர், அறைக் காற்றிலிருந்து அது பிழிந்தெடுத்த ஈரம். கரையோர இரவுக்கு ஏற்ற மருந்து இதுவே என்பதில் ஐயமில்லை.

‘டன்’ என்ற அளவையும் விளங்கிக்கொள்வோம். அது இயந்திரத்தின் எடையன்று. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு வெப்பத்தை நீக்கும் திறனே ஒரு டன். மணிக்கு ஏறத்தாழ 38 கிலோ பனிக்கட்டிக்கு அது சமம். ஒரு காலத்தில் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை வெட்டிக் கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினா கடற்கரை எதிரே நிற்கிறது. அந்நாளில் செல்வர் மட்டுமே சுவைத்த குளிர்ச்சியை இன்று தவணை முறையில் நம் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம்.

ஆயினும் சுவரில் மாட்டும் ஏ.சி.க்கும் சக்கரம் வைத்த ஏ.சி.க்கும் பெரிய வேறுபாடுண்டு. சுவர் ஏ.சி. வெப்பத்தை வெளியே வைத்த பாகத்தின் வழியே கழிக்கிறது. அறைக்காற்று அறையிலேயே இருக்கிறது. ஒற்றைக் குழாய் கொண்ட சக்கர ஏ.சி.யோ, தான் குளிர்வித்த அறைக்காற்றிலேயே ஒரு பங்கை எடுத்துச் சூடாக்கிக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. வெளியே போன காற்றுக்கு ஈடாக, கதவிடுக்கு வழியும் ஓட்டிடுக்கு வழியும் வெளிக்காற்று உள்ளே புகுகிறது.

மணிக்கு 300 கன மீட்டர் காற்றை அது வெளியே தள்ளுகிறது என்று கொண்டால், முற்கூறிய அளவுள்ள அறையின் காற்று முழுவதும் ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் மாறிவிடும். உள்ளே புகும் கரையோர இரவுக்காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி உண்டு. வசதியாக உறங்க 14 கிராம் போதும். மிகுதி 10 கிராம் வீதம், மணிக்கு மூன்று லிட்டர் நீரை அந்த இயந்திரம் புதிது புதிதாகப் பிழிந்தாக வேண்டும். ஒரு டன் திறனில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும். உலர்ந்த ஊரில் சிறு குறையாக இருப்பது நம் கரையில் பெருங்குறையாகிறது. இக்குறையைக் கணக்கில் கொண்டே அமெரிக்க எரிசக்தித் துறை 2016-இல் இவ்வகை ஏ.சி.க்குத் தனிச் சோதனை முறை வகுத்தது. அம்முறையில் அளந்தால், பெட்டியில் அச்சிட்ட பழைய எண்ணைவிடத் திறன் குறைவாகவே வருகிறது.

அப்படியானால் சக்கர ஏ.சி. யாருக்கு? சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் இசையாத வாடகை வீட்டாருக்கு. சிதம்பரத்தில் அண்ணாமலை நகரை ஒட்டிய வாடகை அறைகளில் அடிக்கடி வீடு மாறுவோருக்கு அது வசதிதான். அவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கூடுமானால் இரட்டைக் குழாய் கொண்டதை வாங்குங்கள். அது வெளிக்காற்றையே எடுத்து வெளியே விடும். குழாய் குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும். சன்னலில் குழாய் போக மீதி இடைவெளியை அட்டையால் இறுக மூடுங்கள். குழாயைப் பக்கத்து அறைக்குள் விட்டால், ஒரு பிள்ளையைக் குளிர்வித்து மற்றொரு பிள்ளையை வேகவைத்ததாகும். இயந்திரம் முழுவதும் அறைக்குள்ளேயே இருப்பதால் ஓசை மிகுதி. கடையில் ஓடவிட்டுக் காதால் கேட்டு வாங்குங்கள். தேங்கும் நீரை வடிக்கும் வழியையும் கேளுங்கள். சிலவற்றில் ஆர்-290 என்னும் தீப்பற்றக்கூடிய வாயு உண்டு. எவ்வளவு சிறிய அறையில் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 16 ஆம்பியர் தனிச் செருகித்துளை வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

சொந்த வீடாயின், அதே டன் அளவில் சுவரில் மாட்டும் இன்வெர்ட்டர் ஏ.சி.யே நெடுநாளில் சிக்கனம். நட்சத்திரச் சீட்டை மட்டும் பாராமல், அதில் அச்சிட்ட ஆண்டையும் பாருங்கள். நட்சத்திர அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுகிறது. பழைய ஐந்து நட்சத்திரம் புதிய ஐந்தாகாது.

மின்கணக்கு

இரவு எட்டு மணி நேரம் வீதம், இரு மாதக் கணக்குக்கு 60 நாள் என்று கொள்வோம். பழைய வகை 75 வாட் மின்விசிறி 36 யூனிட். புதிய வகை 30 வாட் மின்விசிறி ஏறத்தாழ 14 யூனிட். 180 வாட் கூலர் 86 யூனிட். 1,200 வாட் சக்கர ஏ.சி. இடைவிடாது ஓடினால் 576 யூனிட். யூனிட் கூடக்கூட அதன் விலையும் படிப்படியாக ஏறும் என்பதை மறவாதீர்கள். வாங்கும் விலையை ஒருமுறைதான் கொடுக்கிறோம். ஓட்டும் விலையை ஆண்டுதோறும் கொடுக்கிறோம். ஏ.சி.யை 18-இல் வைத்துப் போர்வை போர்த்துவது அறிவுடைமை ஆகாது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரச் சீட்டுள்ள ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்குமாறு மத்திய அரசு விதித்தது. அந்த அளவிலோ, அதைவிடச் சற்றுக் கூட்டியோ வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் நல்ல உறக்கம் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே செய்யத்தக்கவை இரண்டு. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும்; தெலுங்கானா அரசு 2023-இல் இதற்கெனக் குளிர்கூரைக் கொள்கையே வகுத்தது. கல்நார்த் தகட்டின் மீது மட்டும் ஏற வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். உடைந்து விழும் ஆபத்தும், நார்த்தூள் நுரையீரலில் புகும் ஆபத்தும் உண்டு. அடுத்தது நிழல். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் நம் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. வீழ்ந்த மரங்களுக்கு ஈடாக நம் கொல்லையில் எத்தனை நட்டோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம்.

யாருக்காக வாங்குகிறோம்?

குளிர்ச்சி ஆடம்பரம் என்று நாமும் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. 2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் வீசிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் முதியோர். பிள்ளைகள் கோடை விடுமுறைக்குச் சென்றிருக்க, தனியே இருந்து இறந்தவர் பலர். தமிழ்நாடு அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. முதியவருக்குத் தாகம் தோன்றுவது குறைவு; வியர்வையும் குறைவு. இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் சில மாத்திரைகள் உடலின் நீரை மேலும் குறைக்கும். 40 டிகிரிக்கு மேற்பட்ட காற்றை மின்விசிறியால் வீசினால் உடல் குளிராது, சூடேறும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. முதியவர் பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் கொதித்தாலோ, அது வெறும் அயர்ச்சியன்று. உடனே நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடலெங்கும் துடைத்து, விசிறி, 108-ஐ அழையுங்கள். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

ஆகவே பெற்றோர்க்குக் குளிர்ச்சி தேடித் தருவது நான்காம் கட்டளைக்குள் அடங்கும் கடமை என்றே கருதுகிறோம். ஆனால் பெட்டியை வாங்கி வைப்பதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை.

முதுநகர்க் குடும்பத்துக்குத் திரும்புவோம். நாம் மகனைத் தனியே அழைத்து, தாய் இரவில் கூலரை நிறுத்திவிடுவதைச் சொன்னோம். அவர் முகம் வாடியது. “ஏன் சாமி, என்னிடம் சொல்லவில்லை?” என்றார். “நீ கேட்டாயா, தம்பி?” என்றோம். அவர் விடை கூறவில்லை. உள்ளே போய்த் தாயின் அருகே அமர்ந்தார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். நாம் திண்ணையில் செபமாலையை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டோம்.

அடுத்த முறை சென்றபோது வீடு மாறியிருந்தது. தாயின் கட்டில் ஓட்டு வீட்டு முன்கட்டுக்கு, கிழக்குச் சன்னலின் கீழே வந்துவிட்டது. கொசுவலை கட்டி, இரவில் சன்னலைத் திறந்தே வைக்கிறார்கள். தலைக்கு மேலே புதிய மின்விசிறி. மகனும் மருமகளும் பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். தகட்டின் மேல், ஏணி வைத்துப் பக்கத்திலிருந்தே, மின்கம்பிக்கு எட்டாமல் தென்னங்கீற்று வேய்ந்திருந்தார் மகன். கூலர் முற்பகலில் மட்டும், திறந்த சன்னலருகே, தாய்க்காக ஓடுகிறது. தவணை இன்னும் நான்கு மாதம் பாக்கி.

“இப்போது தூக்கம் வருகிறதா, அம்மா?” என்று கேட்டோம். “வருகிறது, சாமி. ஆனால் அவன் இராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து, வேர்க்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான், அதில்தான் விழிப்பு வந்துவிடுகிறது” என்று சிரித்தார்.

வாங்கப்போகும் குடும்பத்தார்க்கு நாம் சொல்வது இதுவே. வெக்கையா புழுக்கமா என்று காற்றைக் கேளுங்கள். எப்போது, எங்கே வேர்க்கிறது என்று அறையில் படுப்பவரைக் கேளுங்கள். அதன் பின் கடைக்குப் போங்கள்.